கேட்காமல் ஓடியவர்: யோனா கற்றுத்தரும் பாடம்



விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ள மிகச் சிறிய நூல்களுள் ஒன்று யோனாவின் நூல். 4 அதிகாரங்கள், 48 வசனங்கள். ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் வாசித்து முடித்துவிடலாம். கிறிஸ்தவர் அல்லாத அன்பர்களும் 'மீன் விழுங்கிய மனிதர்' என்று சொன்னால் உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். நம் இசுலாமிய அண்டை வீட்டாருக்கு இவர் நபி யூனுஸ். திருக்குர்ஆனின் பத்தாவது அத்தியாயம் இவர் பெயரையே தாங்கி நிற்கிறது. யூதர்கள் ஆண்டுதோறும் யோம் கிப்பூர் எனும் பாவநிவாரண நாளின் பிற்பகல் வழிபாட்டில் இந்நூலை முழுமையாக வாசிக்கின்றனர்.

இப்படி மூன்று சமயத்தார் போற்றும் ஒரு கதையைப் பிள்ளைகளுக்கு நாம் எப்படிச் சொல்லி வருகிறோம்?

"கடவுள் போகச் சொன்னார், யோனா போகவில்லை, கடலில் பெரிய மீன் விழுங்கிவிட்டது, பிறகு பயந்துகொண்டு போனார். ஆகவே பிள்ளைகளே, சொன்ன சொல்லுக்கு உடனே கீழ்ப்படிய வேண்டும்!"

ஞாயிறு பள்ளிகளிலும் நன்னெறிக் கதை சொல்லும் நேரங்களிலும் நான் கேட்டு வந்த வடிவம் பெரும்பாலும் இதுதான். இவ்வடிவத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. கதையில் இல்லாதது எதையும் அது சொல்லவில்லை. ஆனால் கதையின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. மீனிலிருந்து வெளியே வந்து யோனா நகரத்தை நோக்கி நடக்கத் தொடங்கும்போது இரண்டு அதிகாரங்கள்தாம் முடிந்திருக்கின்றன. இன்னும் இரண்டு உள்ளன. கீழ்ப்படிதலைப் பற்றி இந்நூல் சொல்லவரும் செய்தி அந்தப் பிற்பாதியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

யோனா யார்? நினிவே எது?

யோனா, அமித்தாய் என்பவரின் மகன். வட இசுரவேல் நாட்டில், பிற்காலத்து நாசரேத்துக்கு அருகே இருந்த காத்தேப்பேர் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். அரசர்களின் இரண்டாம் நூல் இவரை ஒரே ஒருமுறை குறிப்பிடுகிறது. இரண்டாம் எரொபெயாம் என்ற மன்னன் ஆண்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இசுரவேலின் எல்லை மீண்டும் விரிவடையும் என்று இவர் முன்னறிவித்தார், அவ்வாறே நடந்தது. தம் நாட்டிற்கு நற்செய்தி சொல்லி, அது பலிக்கவும் கண்டவர். அப்படிப்பட்டவருக்கு நாட்டில் நல்ல மதிப்பு இருந்திருக்கும்.

நினிவே, அசீரியரின் மாநகரம். இன்றைய ஈராக்கின் மோசுல் நகரில், திக்ரிஸ் ஆற்றின் கீழ்க்கரையில் அதன் இடிபாடுகள் உள்ளன. அதன் மதிற்சுவரின் சுற்றளவு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். காத்தேப்பேரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே 800 கிலோமீட்டர் தொலைவு. அசீரியர் போர்முறையில் கொடியவர். கி.மு. 701இல் யூதேயாவின் லாகீசு நகரைச் சனகெரிப் மன்னன் கைப்பற்றிய காட்சிகளை நினிவேயிலிருந்த தன் அரண்மனைச் சுவரிலே அவனே செதுக்கி வைத்தான். அச்சிற்பங்கள் இன்று இலண்டனில் பிரிட்டிசு அருங்காட்சியகத்தில் உள்ளன. கழுவில் ஏற்றப்பட்டவர்களையும் தோல் உரிக்கப்படுபவர்களையும் அவற்றிலே காணலாம். வெட்கப்பட்டு மறைக்கவேண்டிய கொடுமையைப் பெருமையோடு சுவரில் செதுக்கி வைத்த பேரரசு அது. அதே பேரரசுதான் கி.மு. 722 வாக்கில் யோனாவின் தாய்நாடான வட இசுரவேலை அழித்தது.

இந்நூல் அந்த அழிவுக்கு நெடுங்காலம் பின்னரே எழுதப்பட்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படியாயின் முதல் வாசகர்களுக்கு நினிவே என்ற பெயரைக் கேட்டாலே நெஞ்சு எரிந்திருக்கும். அந்த ஊருக்குத்தான் "எழுந்து போ" என்று கடவுள் யோனாவுக்குக் கட்டளையிட்டார்.

ஓடியதற்குக் காரணம் அச்சமா?

யோனா எழுந்தார். ஆனால் எதிர்த்திசையில் ஓடினார். நினிவே வடகிழக்கில் தரைவழியே இருந்தது. அவரோ யோப்பா துறைமுகத்துக்கு இறங்கிப்போய், மேற்கே கடலின் கடைக்கோடியிலிருந்த தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினார். கட்டணத்தையும் தம் கையிலிருந்தே கொடுத்தார்.

கொடியவர்களின் ஊருக்குப் போக அஞ்சி ஓடினார் என்றே பலர் விளக்கம் சொல்வர். நூல் அவ்வாறு சொல்லவில்லை. யோனா அஞ்சாநெஞ்சர்தாம். புயலில் கப்பல் தத்தளித்தபோது, "என்னைத் தூக்கிக் கடலில் எறியுங்கள்" என்று மாலுமிகளிடம் தாமே சொன்னவர் அவர். உயிருக்கு அஞ்சுபவர் சொல்லும் சொல்லா அது?

உண்மைக் காரணத்தை நான்காம் அதிகாரத்தில் அவரே போட்டு உடைக்கிறார். கடவுள் இரக்கம் மிகுந்தவர், எளிதில் சினம் கொள்ளாதவர், மன்னிப்பதற்குக் காத்திருப்பவர் என்பது தமக்குத் தெரியும் என்றும், அதனால்தான் முன்பே ஓடிப்போனதாகவும் கூறுகிறார். அதாவது, தாம் போய் எச்சரித்தால் நினிவே மக்கள் திருந்திவிடக் கூடும். திருந்தினால் கடவுள் மன்னித்துவிடுவார். தம் மக்களை வதைப்பவர்கள் தப்பிவிடுவார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மற்றவர்கள் கடவுளைப் புகழ்ந்து பாடுவதற்குச் சொல்லும் குணங்களை இவர் குற்றச்சாட்டாக அடுக்குகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் அவரை எளிதில் பழித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தம் இனத்துக்குக் கொடுமை செய்தவர்கள் தண்டனையின்றித் தப்பக்கூடாது என்று எண்ணுவது கயமையன்று. அது நீதி கேட்கும் மனம். யோனாவிடம் இருந்தது நேர்மையான ஒரு கேள்வி. ஆனால் அக்கேள்வியை அவர் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு கப்பலேறிவிட்டார்.

'கேள்' என்ற சொல்

இவ்விடத்தில் மொழியாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

தமிழில் 'கேள்' என்னும் வினைக்கு மூன்று பொருள்கள் நாள்தோறும் வழங்குகின்றன. பாட்டுக் கேட்கிறோம், இங்கே கேட்டல் என்பது செவிமடுத்தல். ஆசிரியரிடம் ஐயம் கேட்கிறோம். இங்கே அது வினவுதல். "அம்மா சொல்வதைக் கேள்" என்கிறோம். இங்கே அது கீழ்ப்படிதல். விவிலியத்தின் எபிரேய மொழியிலும் 'ஷமா' என்ற வினை செவிமடுத்தலையும் கீழ்ப்படிதலையும் ஒருங்கே குறிக்கும். அவற்றோடு வினவுதலையும் அதே சொல்லுக்குள் வைத்திருப்பது நம் தமிழ்.

இம்மூன்று பொருள்களையும் உள்ளடக்கியதே முழுமையான கீழ்ப்படிதல் என்று நான் கருதுகிறேன். சொன்னதைச் செவியால் கேட்க வேண்டும். விளங்காததையும் ஏற்க முடியாததையும் வாயால் கேட்க வேண்டும். அதன்பின் செயலால் கேட்க வேண்டும்.

விவிலியத்தில் தயங்கியவர் யோனா ஒருவர் மட்டுமல்லர். எகிப்துக்குப் போகச் சொன்னபோது மோசே, "நான் யார்?" என்றார், தமக்குப் பேச்சுத் திறன் இல்லை என்றார், இறுதியில் வேறு யாரையாவது அனுப்பும்படி வெளிப்படையாகவே கெஞ்சினார். எரேமியா, தாம் சிறுவன், பேசத் தெரியாது என்று மறுமொழி கூறினார். சோதோம் நகரைக் கடவுள் அழிக்கப் போகிறார் என்று அறிந்த ஆபிரகாம், ஐம்பது நல்லவர்கள் இருந்தால் என்ன ஆகும் என்று தொடங்கி, பத்துப் பேர் வரைக்கும் பேரம் பேசினார். புதிய ஏற்பாட்டில் இயேசுவே கெத்சமனே தோட்டத்தில், இத்துன்பக் கிண்ணம் தம்மை விட்டு நீங்கக் கூடுமா என்று முதலில் கேட்டார். அதன்பிறகே தம் விருப்பமன்று, தந்தையின் விருப்பமே நிறைவேறட்டும் என்றார்.

இவர்களுள் யாரையும் கேள்வி கேட்டதற்காகக் கடவுள் கைவிடவில்லை. மோசேயிடம் சினம் கொண்டதுண்டு. ஆனால் அச்சினத்தோடேயே துணைக்கு ஆரோனையும் தந்தார். கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் இறுதியில் தத்தம் பணியைச் செய்தார்கள். கேள்வி எதுவும் கேட்காமல் அமைதியாக நகர்ந்த யோனாதான் எதிர்த்திசையில் போனார்!

ஆசிரியப் பணியில் இருப்பவர்களுக்கு இது புதிதன்று. "ஏன் டீச்சர் இதைச் செய்ய வேண்டும்?" என்று எழுந்து கேட்கும் மாணவனைப் பற்றிக் கவலை வேண்டா. விளக்கினால் செய்வான். "சரிங்க டீச்சர்" என்று தலையை ஆட்டிவிட்டு, பயிற்றுநூலைத் திறக்காமலே மூடி வைக்கும் மாணவன்தான் தர்ஷீசுக்குக் கப்பலேறியவன்.

மீன் தண்டனையன்று

மீன் என்றதும் பயமுறுத்துகிறோம். நூலை ஊன்றிப் படித்தால் மீன் தண்டனையாக வரவில்லை, மீட்பாகவே வருகிறது. யோனா கடலில் எறியப்பட்டார். அவர் மூழ்கிச் சாகவேண்டிய நேரத்தில் கடவுள் ஏற்பாடு செய்த உயிர்காப்புப் படகுதான் அந்த மீன். அதன் வயிற்றில் இருந்தபடி அவர் சொல்லும் மன்றாட்டும் "காப்பாற்றும்" என்ற கெஞ்சலாக இல்லை. "காப்பாற்றினீர்" என்ற நன்றியாகவே உள்ளது.

ஆனால் அந்த மன்றாட்டில் ஒன்று மட்டும் இல்லை. தாம் ஓடியது தவறு என்று ஓர் இடத்திலும் அவர் சொல்லவில்லை. பொய்த் தெய்வங்களைப் பற்றிக்கொள்பவர்களைக் குறைகூறுகிறார். தம் பொருத்தனைகளைச் செலுத்துவதாக வாக்களிக்கிறார். நினிவேயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆக, மீனின் வயிற்றிலிருந்து வெளிப்பட்ட யோனா நனைந்த யோனா. மாறிய யோனா அல்லர்.

அச்சத்தால் ஒருவரின் திசையை மாற்றலாம். உள்ளத்தை மாற்ற முடியாது. பிரம்பை நம்பும் கல்வியின் எல்லையும் இதுவே.

கால்கள் மட்டும் கீழ்ப்படிந்தன

மூன்றாம் அதிகாரத்தில் கடவுள் மீண்டும் அதே கட்டளையைத் தருகிறார். பழங்கதையைக் கிளறவில்லை, ஏசவுமில்லை. இம்முறை யோனா எழுந்து நினிவேக்கே போனார். பலர் இத்துடன் கதையை முடித்து, "கீழ்ப்படிந்தார்" என்று மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள்.

எப்படிக் கீழ்ப்படிந்தார் என்று பாருங்கள். நகரைக் கடக்க மூன்று நாள் நடை ஆகும் என்கிறது நூல். அவர் ஒருநாள் நடையளவே உள்ளே சென்றதாகச் சொல்கிறது. எபிரேய மூலத்தில் அவருடைய அறிவிப்பு மொத்தம் ஐந்தே சொற்கள். நாற்பது நாள் கெடு, அதன்பின் நகரம் தலைகீழாகும் என்பதே அதன் சாரம். யார் அனுப்பினார் என்று சொல்லவில்லை. என்ன குற்றம் என்று சொல்லவில்லை. திருந்தினால் தப்பலாம் என்றும் சொல்லவில்லை. கடவுளின் பெயரே அதில் இல்லை. கடனே என்று செய்த வேலை!

வியப்பு என்னவென்றால், அந்த ஐந்து சொற்களுக்கே நகரம் முழுவதும் அசைந்தது. மக்கள் நம்பினர், நோன்பிருந்தனர். அரசன் அரியணையை விட்டு இறங்கிச் சாம்பலில் அமர்ந்தான். ஆடுமாடுகளும் நோன்பிருக்க வேண்டும், அவற்றுக்கும் சாக்குத் துணி போர்த்த வேண்டும் என்று ஆணையிட்டான். ஒருவேளை கடவுள் மனம் இரங்கலாம், யார் கண்டது என்று அவன் எண்ணினான். யோனாவுக்கு உறுதியாகத் தெரிந்திருந்த இரக்கத்தை, அயலான் ஒருவன் வெறும் 'ஒருவேளை'யாகப் பற்றிக்கொண்டான்.

இக்கதையில் கீழ்ப்படியாதவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். காற்று கீழ்ப்படிந்தது, மீன் கீழ்ப்படிந்தது. வேற்றுத் தெய்வங்களை வணங்கிய மாலுமிகள், யோனாவைக் கடலில் எறிய மனமின்றி, கரை சேர்க்கத் தண்டு வலித்துப் போராடினர். நினிவேயின் ஆடுமாடுகள்கூடக் கீழ்ப்படிந்தன. அடம்பிடித்தவர் இறைவாக்கினர் ஒருவரே. இன்றளவும் சிரியத் திருச்சபைகள் தவக்காலத்துக்குச் சில வாரங்கள் முன்பு மூன்று நாள் நோன்பு காக்கின்றன. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களிடமும் 'மூன்று நோன்பு' உண்டு. குறவிலங்காடு ஊர்த் தேவாலயத்தில் அந்நாளில் யோனாவின் பயணத்தை நினைவுகூரும் கப்பல் பவனியும் நடைபெறுகிறது. ஆனால் அந்நோன்புக்குச் சிரிய மரபு இட்ட பெயர் யோனாவின் நோன்பு அன்று, 'நினிவே நோன்பு'. பின்பற்றத் தக்கவராக மக்கள் தேர்ந்தெடுத்தது ஊராரைத்தான், இறைவாக்கினரை அன்று.

பலிக்காத வாக்கு

நகரம் திருந்தியதும் கடவுள் அழிவை நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் யோனாவுக்குக் கடுஞ்சினம் மூண்டது. சாவதே மேல் என்றார். ஓர் ஊர் முழுவதும் ஒரே சொற்பொழிவில் மனம் மாறினால் மற்ற இறைவாக்கினர் ஆனந்தக் கூத்தாடியிருப்பர். இவரோ தம் வாக்குப் பொய்த்துவிட்டது என்று குமைந்தார்.

அவ்வாக்கு உண்மையில் பொய்த்ததா? அவர் பயன்படுத்திய எபிரேய வினைச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சோதோம் கவிழ்க்கப்பட்டதற்கும் அச்சொல்லே. மனம் மாறுவதற்கும் அச்சொல்லே. நாமும், "வீடு தலைகீழாகிவிட்டது" என்று அழிவைச் சொல்வோம். "அவன் தலைகீழாக மாறிவிட்டான்" என்று திருந்தியவனையும் சொல்வோம். நினிவே தலைகீழாகத்தான் ஆனது. யோனா எண்ணிய பொருளில் அன்று. கடவுள் விரும்பிய பொருளில்.

எச்சரிக்கையின் வெற்றி அது பலிக்காமல் போவதில்தான் இருக்கிறது. இதை மறந்தவர் யோனா. நம்மிடையேயும் மறந்தவர்கள் உண்டு.

2021இல் நிறுத்தப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடைமுறையில் இருந்த காலத்தில், ஆறாம் ஆண்டு தொடங்கும்போதே, "இவன் தேற மாட்டான்", "இவள் கடைசி வரைக்கும் இப்படித்தான்" என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்து வாக்குச் சொல்லும் வழக்கம் ஆசிரியர் அறைகளில் இருந்தது. தேர்வு போய்விட்டது, அவ்வழக்கம் போகவில்லை. அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளை சில ஆண்டுகள் கழித்து நல்ல நிலையில் வந்து நிற்கும்போது, "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்" என்று சொல்லும் குரலையும் கேட்டிருக்கிறேன். பிள்ளை முன்னேறியதைவிடத் தம் கணிப்புத் தவறியது பெரிதாகப் படும் மனநிலை அது. நகருக்குக் கிழக்கே குடிசை போட்டு, இன்னும் அழிகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த யோனாவின் மனநிலையும் அதுதான்.

பிள்ளையைக் கண்டிப்பது தவறன்று. கண்டிப்பவர் உள்ளத்தின் ஓரத்தில் அது திருந்த வேண்டும் என்ற வேட்கை இருக்கிறதா, தம் சொல் பலிக்க வேண்டும் என்ற வேட்கை இருக்கிறதா என்பதே கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கண்டிப்பும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

கடவுள் நடத்திய வகுப்பு

நான்காம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆசிரியர்கள் அனைவரும் வாசிக்க வேண்டியது.

பணியைச் செய்து முடித்துவிட்டார், நகரம் தப்பியது. கடவுளுக்குத் தேவையானது வெறும் பணி என்றால் யோனாவை அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சினந்து உட்கார்ந்திருந்த அவரிடம் வந்து, இப்படிச் சினம் கொள்வது சரிதானா என்று கேட்டார். யோனா பதில் சொல்லவில்லை. அடுத்து ஒரு செடியை முளைக்கச் செய்தார். தமிழ் விவிலியம் அதை ஆமணக்குச் செடி என்கிறது. அது வளர்ந்து நிழல் தந்தது. இந்நூலில் யோனா மகிழ்ந்ததாக எழுதப்பட்டிருப்பது இந்த ஓர் இடத்தில்தான். மறுநாள் விடியலில் ஒரு புழு அதை அரித்தது, செடி பட்டுப்போனது. கீழைக்காற்று வீசியது, வெயில் தலையைச் சுட்டது. மீண்டும், சாவதே மேல் என்றார் யோனா.

கடவுள் மறுபடியும் கேட்டார். இம்முறை செடிக்காகச் சினம் கொள்வது சரியா என்று. சரிதான் என்றார் யோனா. அப்போது கடவுள் இறுதிக் கேள்வியைத் தொடுத்தார். நீ நட்டு வளர்க்காத, ஓர் இரவில் முளைத்து ஓர் இரவில் அழிந்த செடிக்காக நீ இரங்கும்போது, வலக்கை இடக்கை வேறுபாடு அறியாத 1,20,000க்கும் மேற்பட்ட மாந்தரும் மிகுந்த கால்நடைகளும் உள்ள நினிவேக்காக நான் இரங்க வேண்டாவா?

அத்துடன் நூல் முடிந்துவிடுகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

இங்கே அதட்டல் இல்லை. இரண்டாவது மீன் இல்லை. ஒரு செடி, ஒரு புழு, மூன்று கேள்விகள். நாம் இன்று செயல்வழிக் கற்றல் என்று பயிற்சிப் பட்டறைகளில் படிக்கும் முறைதான் இது. முதல் அதிகாரத்தில் கேட்காமல் ஓடிய யோனாவிடம், நான்காம் அதிகாரத்தில் கடவுளே கேட்டுக்கொண்டு நிற்கிறார். கேள் என்ற சொல்லின் விடுபட்டுப்போன பொருளைக் கற்றுத்தருகிறார் எனலாம்.

ஒரு மறுப்பும் விடையும்

"கடவுளின் கட்டளையைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் அது கீழ்ப்படிதலா? பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் 'ஏன்' என்று கேட்கத் தொடங்கினால் ஒழுங்கு என்னாவது?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாதான். தீப்பற்றிய கட்டடத்தில் "வெளியே ஓடு" என்றால் முதலில் ஓட வேண்டும். காரணத்தைத் திடலில் நின்று கேட்டுக்கொள்ளலாம். நம்பிக்கை உள்ள இடத்தில், முழுதும் விளங்காமலே முதலடி எடுத்து வைக்க வேண்டிய நேரங்களும் உண்டு.

ஆனால் கேள்வியும் மறுப்பும் ஒன்றல்ல. கேட்பவர் எதிரே நிற்கிறார், முகம் பார்த்துப் பேசுகிறார், உறவு அறுபடவில்லை. ஓடுபவர் முதுகைக் காட்டுகிறார். கடவுளின் கட்டளை நெஞ்சுக்கு ஒவ்வாதபோது அவர் முன்னிலையிலேயே புலம்புவது பத்தியின் ஒரு வடிவம். புலம்பாமல் அமைதியாக விலகுவதுதான் ஆபத்து. யோனா கடவுளிடம் மனம் திறந்து சண்டையிட்டது நான்காம் அதிகாரத்தில்தான். அந்தச் சண்டை முதல் அதிகாரத்திலேயே நடந்திருந்தால் புயலுக்கும் மீனுக்கும் வேலை இருந்திருக்காது!

ஆகவே நண்பர்களே, இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோர் மீனோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆமணக்குச் செடி வரைக்கும் போங்கள். இறுதிக் கேள்வியைப் பிள்ளைகளிடமே விடுங்கள். "யோனா என்ன பதில் சொல்லியிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். தம் மனம் நோகச் செய்தவர்க்கும் நன்மையே செய்து அவரை நாணச் செய்யுமாறு 'இன்னாசெய்யாமை' அதிகாரத்தில் வள்ளுவர் கூறியதைப் படித்த நம் பிள்ளைகளுக்கு, அக்கேள்வி விளங்காமல் போகாது.

நினிவே கி.மு. 612இல் பாபிலோனியராலும் மேதியராலும் அழிக்கப்பட்டது. அவ்விடத்து மேட்டின்மேல், யோனாவின் கல்லறை எனப் போற்றப்பட்ட நபி யூனுஸ் பள்ளிவாசல் பல நூற்றாண்டுகள் நின்றது. 2014 சூலையில் ஐ.எஸ். தீவிரவாதிகள் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். அடியிலிருந்த சுரங்கங்களில் சனகெரிப்பின் மகன் எசரத்தோனுடைய அரண்மனையின் பகுதிகள் பின்னர் வெளிப்பட்டன. தம் மக்களின் பகைவர் ஊரில், பகைவர் அரண்மனைக்கு மேலேயே, அவ்வூராரால் தங்கள் இறைவாக்கினராக நெடுங்காலம் போற்றப்பட்டிருக்கிறார் யோனா. அவர் சொல்லாமல் விட்ட பதிலை அந்த ஊர் சொல்லிப் பார்த்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது.

நம் ஒவ்வொருவருக்கும் ஒரு நினிவே இருக்கிறது. போகவே மாட்டேன் என்று நாம் முடிவு செய்துவிட்ட ஒரு வீடு, ஒரு மனிதர், ஒரு வகுப்பறை. அங்கே போகச் சொல்லும் குரல் கேட்டால் நாம் என்ன செய்வோம்? கப்பல் கட்டணத்தை எடுத்து வைக்கும் முன், "ஏன் என்னை?" என்றாவது கேட்டுப் பார்ப்போமே.

சிந்திப்போம்.